நிர்வாக நலன் கருதி

ஒருவர் யோக்கியர் என்று இந்த மாநிலத்தில் எழுதி வாங்குவது இப்போது ரொம்பச் சுலபம். காவல்துறையின் இணையதளத்துக்குள் போய், பெயர், அப்பா பெயர், விலாசம் போட்டு, ஆதாரை ஏற்றி, பணத்தைக் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நாலு நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வரும். "வெரிஃபிகேஷன் வந்திருக்கு சார், வீட்ல இருக்கீங்களா, இல்ல நீங்களே ஒரு எட்டு வந்துட்டுப் போறீங்களா?" காவலர் வந்தால் பக்கத்து வீட்டில் ஒரு கேள்வி. "ஆளு எப்படிம்மா?" "தங்கமான மனுஷன் சார். இருக்கிற இடம் தெரியாது." அவ்வளவுதான். குற்ற வழக்கு எதுவும் இல்லை என்று காகிதம் கைக்கு வந்துவிடும். மாடிப் போர்ஷனுக்கு வாடகைக்கு வருபவருக்கும், பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கும், நாற்பது பிள்ளைகளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தி ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கப்போகும் வாத்தியாருக்கும் ஒரே சல்லடைதான்.

இது வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டமே கேட்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-இல் வந்த போக்சோ சட்டத்துக்கு 2020 மார்ச்சில் புது விதிகள் போட்டார்கள். மூன்றாவது விதியில் தெளிவாகவே இருக்கிறது: பள்ளியோ, குழந்தைகள் காப்பகமோ, விளையாட்டுப் பயிற்சிக்கூடமோ, பிள்ளைகளோடு புழங்கும் ஒவ்வொரு பணியாளரின் பின்னணியையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும். நிரந்தரமோ ஒப்பந்தமோ, பாடம் நடத்துகிறவரோ மணி அடிக்கிறவரோ, விலக்கு யாருக்கும் இல்லை. ஒரு தடவை பார்த்தால் போதாது, குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பள்ளிகளும் இந்த விதியை மதிக்கத்தான் செய்கின்றன. கால இடைவெளி மட்டும் அவர்களாக வைத்துக்கொண்டது. எங்கேயாவது ஒரு பிள்ளைக்கு ஏதாவது நடந்து, அது டிவியில் வந்து, சி.இ.ஓ. ஆபீஸிலிருந்து 'இனி காவல்துறை சரிபார்ப்பு கட்டாயம்' என்று சுற்றறிக்கை வந்தால் ஃபைலைத் தேடுவார்கள். அடுத்த சம்பவம் வரைக்கும் ஃபைல் தூங்கும்.

சரி, எல்லாப் பள்ளியும் நாளைக்கே ஒழுங்காகச் சரிபார்த்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். என்ன கிடைக்கும்? எல்லாரும் சுத்தம் என்று கிடைக்கும். அந்தக் காகிதம் பொய் சொல்வதில்லை. எப்.ஐ.ஆர். இல்லை என்கிறது, இல்லைதான். அது எப்படி இல்லாமல் போனது என்பதைக் காகிதம் சொல்லாது. பள்ளிக்கூட வாசலில் பத்து வருடம் நின்றவர்கள் சொல்வார்கள்.

தலைமையாசிரியர் அறை. மேஜைக்கு அந்தப் பக்கம் தாளாளர். பக்கத்தில் முதல்வர் மேடம், பி.டி.ஏ. தலைவர், பேச்சுக்கு ஒரு முன்னாள் கவுன்சிலர். இந்தப் பக்கம் பிள்ளையின் அப்பா, சாரத்திலிருந்து இறங்கி அப்படியே வந்திருக்கிறார், முழங்கையில் சிமெண்ட் காயவில்லை.

"உக்காருப்பா, உக்காரு. டீ சொல்லட்டுமா?"

ஆறு வருடமாக ஃபீஸ் கவுன்ட்டரில் கால்கடுக்க நின்ற மனிதருக்கு இந்தப் பள்ளியில் நாற்காலி கிடைப்பது இன்றைக்குத்தான்.

"உம் பொண்ணு எனக்கும் பொண்ணு மாதிரிதாம்ப்பா" என்று தாளாளர் ஆரம்பிப்பார்.

"சார் அப்படிப்பட்டவர் இல்லைங்க. எல்லாப் பிள்ளைங்களையும் அப்பா மாதிரி தட்டிக்குடுத்துப் பேசுவார். குழந்தை தப்பாப் புரிஞ்சிக்கிட்டிருக்கும்" என்பார் மேடம்.

"பொம்பளப் புள்ள விஷயம். நாளைக்கு அதுக்கு ஒரு நல்லது பொல்லது நடக்கணும்ல?" இது பி.டி.ஏ.

"ஸ்டேஷன், கோர்ட்டுன்னு உன்னால அலைய முடியுமா தம்பி? ஒருநாள் வேலைக்குப் போகலன்னா ஒருநாள் கூலி போச்சு." இது கவுன்சிலர். அக்கறை!

"அடுத்த டேர்ம் ஃபீஸ் நீ கட்ட வேணாம். அது என் பொறுப்பு." மறுபடி தாளாளர்.

"அப்ப அந்தாளு?"

"அனுப்பிடுறோம்ப்பா. சொல்லிட்டோம். பப்ளிக் எக்ஸாம் மட்டும் முடியட்டும்."

ஏனென்றால் அந்தாளு கணக்கில் சென்டம் வாங்கித்தருகிறவர். போன வருடம் பிளெக்ஸ் போர்டில் ஒன்பது சென்டம் போட்டோ தொங்கியது. ஒன்பது சென்டம் ஒரு தட்டில், ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை மறுதட்டில். தராசு தாளாளர் கையில். பிள்ளையை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்ட ஒரே ஒருவரும், "நீ ஏண்டி அங்க தனியாப் போன?" என்றுதான் கேட்டிருப்பார்.

இதற்குப் பேர் பேசி முடிப்பது. போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு இப்படி ஒரு அறை இருப்பதையே ஒப்புக்கொள்வதில்லை. குற்றம் நடந்தது என்று தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே போலீஸில் சொல்ல வேண்டும் என்கிறது. முதலில் உள்விசாரணை, அப்புறம் போலீஸ் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. பள்ளியின் நற்பெயர் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. 21-ஆவது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது: தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. ஆக அந்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சமாதானம் பேசவில்லை. குற்றம் செய்துகொண்டிருந்தார்கள்.

மார்ச் முடிகிறது. சென்டம் வந்துவிட்டது. வாத்தியார் 'சொந்தக் காரணங்களுக்காக' ராஜினாமா எழுதிக் கொடுக்கிறார். பள்ளி தன் பெயர் பொறித்த தாளில் அனுபவச் சான்றிதழ் அடித்துத் தருகிறது. திரு. இன்னார் எங்கள் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியராக இத்தனை ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய நடத்தையும் ஒழுக்கமும் நன்று. மாணவர்களிடம் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். அவருடைய எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம். முத்திரை, கையெழுத்து. மாணவர்களிடம் ஈடுபாடு கொண்டவர் என்று அடிக்கும்போது அந்த டைப்பிஸ்ட்டின் கை நடுங்கியிருக்குமா? நடுங்கியிருக்காது. முன்பே அடித்து வைத்திருக்கும் ஃபைலில் பெயரை மட்டும் மாற்றுவதற்கு நடுக்கம் எதற்கு?

ஜூன் மாதம் முப்பது கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மெட்ரிக் பள்ளியில் அவர் சேர்கிறார். அனுபவச் சான்றிதழ் இருக்கிறது. காவல்துறைச் சான்று இருக்கிறது. ரெண்டும் அசல். அந்தப் பிள்ளையும் டி.சி. வாங்கியாகிவிட்டது. அதற்கும் நடத்தை நன்று என்றுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் புதுப் பள்ளியின் வாசலில் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் அம்மாக்களுக்கு எல்லாம் தெரியும். "அந்தப் பொண்ணா? பழைய ஸ்கூல்ல ஏதோ பிரச்சனையாம்ல." பிள்ளையின் பின்னணியைச் சரிபார்க்க இந்த நாட்டில் இணையதளமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

வேலியே பயிரை மேய்ந்தது என்று தலைப்புப் போடாத பத்திரிகை தமிழில் இல்லை. மேய்ந்த வேலியை நோகாமல் பிடுங்கி, மண் தட்டி, அடுத்த ஊர் வயலில் நட்டுவிட்டு வந்தவர் யார் என்று கேட்டு ஒரு தலைப்பையும் நான் பார்த்ததில்லை.

கவுன்சிலர் பாணி சமாதானம் நம் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மீது மாணவியிடம் அத்துமீறியதாக 2022-இல் வழக்குப் பதிவானது. கொஞ்ச நாளில் மாணவியின் அப்பா முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டார்: தவறான புரிதல், மேற்கொண்டு நடவடிக்கை வேண்டாம். அதை வைத்து உயர் நீதிமன்றமே வழக்கை ரத்து செய்தது. மேல்முறையீட்டுக்குப் போனது அரசாங்கம் இல்லை. வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்காரர்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து, இது ரெண்டு பேருக்கு நடுவிலான தனிப்பட்ட தகராறு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு குழந்தையின் உடம்பு வாய்க்கால் வரப்புத் தகராறு இல்லை என்பதைச் சொல்ல நமக்கு உச்ச நீதிமன்றம் தேவைப்படுகிறது.

சந்தேகப்படுவதற்குக்கூட நம் நாட்டில் ஒரு படிநிலை உண்டு. 2017 செப்டம்பரில் குருகிராமில் ஒரு பெரிய தனியார் பள்ளியின் கழிவறையில் ஏழு வயதுப் பையன் கொலை செய்யப்பட்டான். அன்றைக்கே பள்ளிப் பஸ்ஸின் கண்டக்டரைப் பிடித்துவிட்டார்கள். நாலாம் நாள் சி.பி.எஸ்.இ. சுற்றறிக்கை விட்டது: எல்லாப் பணியாளருக்கும் ரெண்டு மாதத்துக்குள் காவல்துறைச் சரிபார்ப்பு, உளவியல் மதிப்பீடு. அதிலும் பஸ் டிரைவர், கண்டக்டர், பியூன் போன்ற கடைநிலைப் பணியாளர்களை மிகக் கவனமாக, விரிவாகப் பார்க்க வேண்டும் என்று தனியாக ஒரு அழுத்தம். அப்புறம் சி.பி.ஐ. வந்தது. கண்டக்டர் அந்தக் கொலையைச் செய்யவில்லை என்று சொல்லி, அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனைப் பிடித்தது. கண்டக்டர் வெளியே வந்தார். சுற்றறிக்கையின் அந்த வரி மட்டும் நம் மண்டைக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்றைக்கும் டிரைவர் மீது ஒரு பிள்ளை கை காட்டினால், போலீஸ் வருவதற்குள் ஊர் அவரைக் கம்பத்தில் கட்டிவிடும். எம்.எஸ்சி., பி.எட். மீது கை காட்டினால் விசாரணைக் குழு போடுவோம். ஆட்களைப் பொறுத்து நம் கோபம் படித்திருக்கிறது.

2021 மே மாதம் சென்னை கே.கே. நகர் பள்ளி ஆசிரியர் மீதான பாலியல் புகார் வெடித்தபோது, படிப்பு முடித்து வருடக்கணக்கானவர்களெல்லாம் சமூக வலைத்தளத்தில் வந்து சொன்னார்கள். ஒரு தலைமுறை மாணவிகளுக்குத் தெரிந்தது ஸ்டேஷன் ரெக்கார்டுக்குத் தெரியவில்லை. அதே வருடம் நவம்பரில் கோவையில் ஒரு மாணவி உயிரை விட்ட பிறகு, ஆசிரியர் மட்டுமல்ல, தெரிந்தும் சொல்லாமல் விட்டதாகப் பள்ளி முதல்வரும் கைதானார். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் நடந்தது. முகாம் நடத்தியவருக்கும் என்.சி.சி.க்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தப் பள்ளியில் என்.சி.சி. பிரிவே கிடையாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளைப் பள்ளியிலேயே ராத்தங்க வைத்த நிர்வாகம், காக்கி உடையைப் பார்த்ததோடு சரி, அடையாள அட்டையைக் கேட்கவில்லை. பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்ன பிறகும் போலீஸுக்குப் போகாமல் மூடி மறைத்ததாகத்தான் பள்ளி முதல்வரும் தாளாளரும் கைதானார்கள். அந்தப் போலிப் பயிற்சியாளர் கைதான சில நாட்களில் இறந்துபோனார். மூடி மறைக்கும் பழக்கம் அவரோடு சாகவில்லை.

தனியார் பள்ளியை மட்டும் திட்டிக்கொண்டிருந்தால் அரசுப் பள்ளிக்காரர்கள் ஏமாந்து போவார்கள். அங்கே பேசி முடிப்பதற்கு முறையான கோப்பு உண்டு. புகார் வரும். மெமோ கொடுப்பார்கள். விளக்கம் வாங்குவார்கள். விளக்கம் திருப்திகரமாக இல்லை என்றால் மறுபடி விளக்கம். கடைசியில் ஒரு உத்தரவு: 'நிர்வாக நலன் கருதி' மேற்படி ஆசிரியர் இன்ன ஒன்றியத்தில் உள்ள இன்ன பள்ளிக்கு மாறுதல் செய்யப்படுகிறார். பெரும்பாலும் அது பஸ் குறைவாகப் போகும் ஊர். புகார் சொன்னால் பத்திரிகை வராத ஊர். அப்பா அம்மா கேரளாவுக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய், பாட்டியோடு வளரும் பிள்ளைகள் படிக்கும் ஊர். தண்டனை அவருக்கா, அந்த ஊருக்கா? பிள்ளைகள் நலன் கருதி என்று தொடங்கும் ஒரு மாறுதல் உத்தரவை இந்தத் துறையில் யாராவது பார்த்திருந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்பலாம்.

இத்தனைக்கும் அரசாணை இருக்கிறது. 2012 மே மாதத்து அரசாணை எண் 121. மாணவிகளிடம் தவறாக நடந்தது நிரூபணமானால் வேலையை விட்டு நீக்கலாம், கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்யலாம் என்கிறது. 2025-இல் மறுபடியும் 'சான்றிதழ் ரத்து, அரசு அதிரடி' என்று தலைப்புச் செய்தி வந்தபோது கைதட்டினோம். பதின்மூன்று வருடத்து அதிரடி. துறைக்கு வேகம் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2019 ஜனவரியில் பழைய ஓய்வூதியம் கேட்டு ஆசிரியர், அரசு ஊழியர் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தம் செய்தபோது பார்த்தோமே! கைது, சஸ்பெண்ட், 17பி ஒழுங்கு நடவடிக்கை, எல்லாம் சில நாட்களுக்குள். பிற்பாடு அவை திரும்பப் பெறப்பட்டன என்பது வேறு கதை. பென்ஷன் கேட்டவர் மேல் ஒரே ராத்திரியில் பாயும் 17பி, பிள்ளை மேல் கை வைத்தவரிடம் போக ஏன் மாட்டுவண்டி ஏறுகிறது?

காவல்துறைச் சரிபார்ப்பும் யாரையும் பிடிக்காது என்று சொல்ல முடியாது. கூடங்குளம் அணுஉலை வேண்டாம் என்று கடற்கரையில் உட்கார்ந்த இடிந்தகரைக்காரர்களை அது பிடித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோகம் வரை வழக்கு. பாஸ்போர்ட் கேட்டுப் போன இளைஞர்கள் பலர் வழக்கைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். போலீஸ் வேலைக்குப் போகிறவருக்கு இன்னும் கறார்: சந்தேகத்தின் பலனைக் கொடுத்துக் கோர்ட் விடுதலை செய்திருந்தாலும் வழக்கில் தொடர்புள்ளவராகவே கருதுவோம் என்று தமிழ்நாட்டில் பணி விதியே இருக்கிறது. ரோட்டில் நின்று கத்தியவன் பெயர் சர்வரில் ஏறிவிடும். கதவைச் சாத்திக்கொண்டு செய்தவன் பெயர் தாளாளர் மேஜையைத் தாண்டாது.

தேசிய அளவில் பாலியல் குற்றவாளிகளின் தகவல் தொகுப்பு ஒன்றை 2018 செப்டம்பரில் மத்திய உள்துறை தொடங்கியது. தொடங்கும்போதே 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். அதைப் பார்க்கும் உரிமை காவல் அமைப்புகளுக்கு மட்டும்தான். ஊர் பேர் எல்லாம் வெளியே தெரிந்து கும்பல் கூடி அடிக்காமல் இருக்க அது தேவைதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதில் இருப்பவர்கள் தண்டனை பெற்றவர்கள். போக்சோ வழக்கை ஓராண்டுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று 35-ஆவது பிரிவு சொல்கிறது. எட்டாம் வகுப்பில் சாட்சி சொல்ல ஆரம்பித்த பிள்ளை கல்லூரியில் படிக்கும்போதும் சம்மன் வாங்கிக்கொண்டிருக்கிறது. அதுவரை குற்றம் சாட்டப்பட்டவர் அந்தத் தொகுப்புக்குள் வர மாட்டார்.

ஆசிரியர் சங்கத்து நண்பர்கள் இந்த இடத்தில் எழுந்து நிற்பார்கள். பொய்ப் புகார் வந்தால்? வரும். மார்க் குறைத்ததற்காக, கண்டித்ததற்காக, ஊர் அரசியலுக்காக, சாதிக்காகப் பொய்யாகச் சொன்னவர்களும் உண்டு. அப்படிப்பட்ட ஆசிரியருக்குத்தான் பேசி முடிப்பது மகா துரோகம். ஒழுங்கான விசாரணை நடந்தால் அவர் நிரபராதி என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு தலை நிமிர்ந்து நடப்பார். டீ கொடுத்து முடித்துவைத்தால், செய்தவனும் செய்யாதவனும் ஒரே மாதிரி டிரான்ஸ்ஃபரில் போவார்கள், ஒரே மாதிரி ஊர் சிரிக்கும். இதைச் சங்கங்கள் ஏன் கேட்பதில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம். உறுப்பினர் சந்தா இருவரிடமும் வருவதாலோ என்னவோ.

தகுதி விஷயத்தில் நாம் குறை வைப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 மதிப்பெண்ணுக்கு 30 குழந்தை மேம்பாட்டுக்குத்தான். உளவியலாளர் பியாஜே எத்தனை பருவம் சொன்னார், எந்த வயதில் குழந்தைக்கு எது புரியும், எல்லாம் கரெக்டாக வட்டத்தைக் கறுப்படிக்க வேண்டும். 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பதின்மூன்று வயது மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக மூன்று ஆசிரியர்கள் கைதானார்கள். அரசாங்கம் தகுதி பார்த்து, சான்றிதழ் சரிபார்த்து, பணியில் அமர்த்திய மூன்று பேர்.

அந்த வழக்கை எது வெளியே கொண்டுவந்தது என்று பாருங்கள். இணையதளம் இல்லை. சுற்றறிக்கை இல்லை. பிள்ளை நாள்கணக்கில் பள்ளிக்கு வரவில்லை. வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து ஆப்சென்ட். தலைமையாசிரியர் என்னாச்சு என்று கேட்டு வீட்டுக்குப் போனார். அம்மா சொன்னார். விஷயம் போலீஸுக்குப் போனது. அவ்வளவுதான். அந்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல், பதிவேட்டில் 'நீண்டகால விடுப்பு' என்று சிவப்பு மையில் எழுதி மூடியிருந்தால், மூன்று பேருக்கும் இன்றைக்கும் நன்னடத்தைச் சான்று தாராளமாகக் கிடைத்திருக்கும்.

பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று புகார்ப் பெட்டி வைத்தார்கள். நல்ல ஏற்பாடு. ஒரு பள்ளியில் அந்தப் பெட்டியைத் தலைமையாசிரியர் அறை வாசலில் மாட்டியிருந்தார்கள். நேர் எதிரே சி.சி.டி.வி. கேமரா. அதன் திரை அறைக்குள்ளே, ஆசிரியர்கள் கையெழுத்துப் போடும் மேஜைக்கு மேலே. யார் சீட்டு போடுகிறார்கள் என்று எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம். பெட்டி எப்போதும் காலியாக இருக்கிறது என்றும், எங்கள் பள்ளியில் புகாரே வருவதில்லை என்றும் அங்கே பெருமையாகச் சொன்னார்கள். பெட்டிக்கு ஒரு மாலைகூடப் போட்டிருந்தார்கள், ஆயுத பூஜை முடிந்த சமயம்.

காகிதத்தில் இல்லாததைத் தேட வேண்டும் என்பதை இங்கிலாந்து ரத்தம் சிந்தித்தான் கற்றது. 2002-இல் சோஹம் என்ற சிற்றூரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவரைக் கொன்றவர், அங்கே ஒரு பள்ளியில் பராமரிப்பு வேலை பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்தபோது சரிபார்த்தார்கள், சுத்தம் என்றே வந்தது. 1995-க்கும் 1999-க்கும் இடையில் வேறொரு மாவட்டத்தில் அவர் மேல் வரிசையாகப் பாலியல் புகார்கள் வந்திருந்தன. எதிலும் தண்டனை இல்லை. தகவல் ஒரு போலீஸிடமிருந்து இன்னொரு போலீஸுக்குப் போகவில்லை. விசாரணைக் கமிஷன் 2004-இல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு அந்த நாட்டில் சரிபார்ப்பே வேறு ஆனது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம் 2014-இல் இன்னும் நேரடியாக ஒரு சட்டம் போட்டது: பள்ளி வேலைக்கு வருபவர் முன்பு வேலை பார்த்த இடங்களைச் சொல்ல வேண்டும், அந்தப் பழைய நிறுவனங்கள், இவர் மேல் இப்படி ஒரு விசாரணை இருந்ததா, அதற்கு நடுவில் ராஜினாமா செய்தாரா என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். ரகசியமாகப் பேசி முடித்தோம், வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்பந்தம் போடுவதற்கும் தடை.

நமக்கும் அப்படி ஒரு படிவம் இருந்தால் போதும். ஆசிரியர் நிரப்ப வேண்டியதில்லை, பாவம், அவர் நிறைய நிரப்பிவிட்டார். பழைய பள்ளியின் தாளாளர் நிரப்பட்டும். அரசுப் பள்ளி என்றால் மாறுதல் உத்தரவில் கையெழுத்துப் போட்ட அதிகாரி நிரப்பட்டும். இவர் மீது உங்களிடம் எந்தப் பிள்ளையாவது, எந்தப் பெற்றோராவது வாயாலோ எழுத்தாலோ புகார் சொன்னார்களா? எந்தத் தேதியில்? அதை எந்தத் தேதியில் போலீஸுக்குச் சொன்னீர்கள்? சொல்லவில்லை என்றால் அன்றைக்கு அறையில் யார் யார் இருந்தார்கள்? எந்தப் பிள்ளையின் எத்தனை மாத ஃபீஸை, என்ன காரணத்துக்காகத் தள்ளுபடி செய்தீர்கள்? 'நிர்வாக நலன்' என்று எழுதினீர்களே, எந்த நலன்?

பெரும்பாலான தாளாளர்கள் எல்லாக் கேள்விக்கும் நேராக 'பொருந்தாது' என்று எழுதி முத்திரை குத்துவார்கள். குத்தட்டும். அந்தக் காகிதம் ஃபைலில் இருக்கட்டும். அடுத்த ஊரில் இன்னொரு பிள்ளை வாய் திறக்கும் நாளில், 21-ஆவது பிரிவில் எப்.ஐ.ஆர். எழுத ஏட்டையாவுக்கு வேறு சாட்சி தேவைப்படாது. அப்புறம் தாளாளர் தன் பெயரையும் அப்பா பெயரையும் போட்டு, ஆதாரை ஏற்றி, நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம்.